ரப்பர் வாங்காத துறை

எங்கள் தோட்டம் சிவப்பாகிவிட்டது என்ற செய்தியைச் சொல்ல அரசாங்கமே ஜீப் பிடித்து வந்தது.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் மண்டலக் கனிமத் தேடல் துறையின் வரைபட அதிகாரி. கையில் சுருட்டிய படம், காலில் முழங்கால் வரை பூட்ஸ். நான் நாற்றுப் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தேன். எங்களுக்குச் செடி விற்கிற தொழில். கிணற்றடியில் எலுமிச்சை மரங்கள் ஒரு வரிசை நிற்கின்றன. அவைதான் தாய்ச்செடிகள். அவற்றின் கிளைகளில் பதியம் போட்டுத்தான் கன்று எடுத்து விற்கிறோம். வரிசை சாய்ந்தால் எங்கள் குடும்பமும் சாயும். வரிசைக்கு உயிர் அந்தக் கிணறு. இதைப் பிற்பாடு பல அதிகாரிகளிடம் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

"வாழ்த்துகள்மா," என்றார் படக்காரர். "உங்க இடம் சிவப்பாயிடுச்சு."

"எது சார் சிவப்பு? எங்களுது கருப்பு மண்ணாச்சே."

"மண்ணு எந்த நிறமா வேணா இருந்துட்டுப் போகட்டும். படத்துல சிவப்பு."

படத்தை விரித்தார். மண்டலம் முழுவதும் பச்சையும் மஞ்சளுமாகக் கிடந்தது. நடுவில் விரல் நகமளவுக்கு ஒரு சிவப்பு. சிவப்பு என்றால் கீழே தாது இருக்கலாம் என்று அர்த்தமாம். அதற்குள் நாங்கள் இருந்தோம்.

விஷயம் இதுதான். முந்தைய மழைக்காலத்தில் துறையின் ஆள் ஒருவர் மண் மாதிரி எடுக்க இந்தப் பக்கம் வந்தார். மழை பிடித்துக்கொண்டது, எங்கள் தகரக் கொட்டகையில் ஒதுங்கினார். மழை விடுவதாக இல்லை, அவருக்கும் வீடு போய்ச் சேர வேண்டும். கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கள் கூரை துத்தநாகம் பூசிய தகரம். வருஷக்கணக்காக அந்தத் தகரத்தைக் கழுவிய தண்ணீர் சொட்டிய மண்ணில் துத்தநாகம் இல்லாமல் தேனா இருக்கும்? இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. துறைக்கோ அது முன்னாலேயே தெரிந்திருந்தது.

"ஒரு இடத்துல தாது சேரணும்னா மூணு வேணும்மா," என்று படக்காரர் விளக்கினார். "மூலம், வழி, பொறி. உலோகம் கிளம்பற இடம் மூலம். அது நடந்து வர்றதுக்கு ஒரு வழி. வந்தது தப்பிச்சுப் போகாம மாட்டிக்க ஒரு பொறி. மூணும் சேர்ந்தா அதுதான் கனிம அமைப்பு. உங்க இடம்தான் பொறி."

"எலிப்பொறி மாதிரியா சார்?"

"அதே அதே. எலிதான் இன்னும் கிடைக்கல."

என் கணவர் அதற்குள் நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டார். அரசாங்க முத்திரை இருந்தால் தபால் தலைக்குக்கூட எழுந்து நிற்பவர் அவர். ஜீப் போன பிறகு என்னிடம் சொன்னார்: "படிச்சவங்க. ஒண்ணும் இல்லாமலா இவ்வளவு தூரம் வருவாங்க?"

"ஒண்ணும் இல்லாததாலதான் வர்றாங்களோ என்னவோ," என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன்.

துளை போடுகிற போர் லாரி வந்தது. சிவப்பின் நடுப்புள்ளியில்தான் துளை போட வேண்டும் என்பது துறையின் விதி. நடுப்புள்ளி கிணற்றுக்கும் முதல் எலுமிச்சைக்கும் இடையில் விழுந்தது. பக்கத்திலேயே தரிசு கிடக்கிறதே, அங்கே போடக்கூடாதா என்று கேட்டேன். "அங்க போட்டா துளை நடுவுல இருக்காதேம்மா," என்றார் படக்காரர், பச்சைக் குழந்தைக்குச் சொல்வதுபோல. லாரி திரும்ப இடம் போதவில்லை என்று இரண்டு தாய்ச்செடிகளை வெட்டினார்கள். வெட்டிய கிளைகளில் என் பதியங்கள் கட்டு அவிழாமல் இருந்தன. வேர் விடுகிற நேரம். எனக்கு வயிறு எரிந்தது. வயிற்றெரிச்சலுக்குப் படத்தில் நிறம் கிடையாது.

பூமிக்குள்ளிருந்து கல் உருளை உருளையாக வெளியே வந்தது, முறத்தில் வைத்த கிழங்குபோல. தகரத் தட்டுகளில் அதை அடுக்கினார்கள். துளை முடிந்த அன்று இயக்குநரே வந்தார். கல்லைப் பார்க்கிற சடங்கை அன்றுதான் முதல்முதலாகக் கண்டேன். ஈரமாக இருந்தால்தான் கல்லின் உள்நிறம் தெரியுமாம். அதனால் நக்கிப் பார்ப்பார்களாம். பக்கத்தில் கிணறு இருக்கிறது, வாளி இருக்கிறது, ஆனாலும் நாக்குதான் துறையின் மரபு. பதவி வரிசைப்படி நக்கினார்கள்.

முதலில் இயக்குநர் நக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "லேசா கரிக்குது," என்றார்.

"ஆமா சார், கரிக்குது," என்றார் துணை இயக்குநர்.

"நல்லாவே கரிக்குது சார்," என்றார் படக்காரர்.

வரிசையின் கடைசியில் ஜீப் ஓட்டுநர். அவரும் நக்கினார். "எனக்கு ஒண்ணும் தெரியல சார், வெறும் கல்லாத்தான் இருக்கு," என்றார். அதற்குப் பிறகு ஜீப்பை வேறொருவர்தான் ஓட்டிக்கொண்டு வந்தார்.

கரித்ததே தவிரக் கல்லில் தாது ஒன்றும் இல்லை என்பது முடிவாயிற்று. லாரி போய்விடும் என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அவர்களோ ஒருவரையொருவர் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

"ஒண்ணும் இல்லைன்னா ரொம்ப நல்ல அறிகுறிம்மா," என்றார் இயக்குநர். "மேல இல்லைன்னா கீழே போயிருக்கு. கீழே இல்லைன்னா பக்கத்துல ஒதுங்கியிருக்கு. எங்க முப்பாட்டன் காலத்துத் தேடல்ல கிடைச்சா 'இருக்கு', கிடைக்கலைன்னா 'இல்ல'ன்னு விட்டுருவாங்க. இப்ப அறிவியல் வளர்ந்திருக்கு. இல்லைங்கற பேச்சுக்கே இடமில்ல."

"அப்ப இந்தத் துளையை மூடிருவீங்களா சார்?"

"மூடறதா? நாளைக்கே இன்னும் ஆழமாப் போகணும்னு அமைப்பு கேட்டா?"

துளையைத் திறந்தபடியே விட்டார்கள். கல் தட்டுகளையும் எடுத்துப் போகவில்லை. நகரத்திலுள்ள கற்கிடங்கு நிரம்பி வழிகிறதாம், முந்தைய இயக்குநர்களின் வெறுங்கற்கள் கூரை வரை அடுக்கியிருக்கிறதாம். வெறுங்கல்தானே, பள்ளத்தில் கொட்டிவிடலாமே என்று என் கணவர் பணிவாகக் கேட்டார். "தேசத்தோட சொத்து!" என்று துணை இயக்குநர் போட்ட அதட்டலில் அவர் கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டார். கிணற்றுக்கு மேற்புறம், நிலம் சரிகிற இடத்தில், தட்டுகளை அடுக்கினார்கள். எல்லாம் துத்தநாகம் பூசிய புத்தம்புதுத் தட்டுகள். வெயிலில் கண் கூசியது.

மழை வந்தது. தட்டுகள் மேல் பெய்தது. தட்டுகளைக் கழுவிய தண்ணீர் சரிவில் ஓடி, மூடாத துளைக்குள் இறங்கி, கிணற்றுக்குப் போயிற்று. தட்டுகளில் வெள்ளையாக மாவு பூத்தது. கிணற்று நீரில் வானவில் மிதந்தது. எலுமிச்சை இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் மஞ்சளாக வெளிறின. தாயே வெளிறினால் பதியம் எங்கே பிடிக்கும்? கட்டிய கட்டெல்லாம் உள்ளே கறுத்துப்போயிற்று.

துறை மறுபடியும் மண் எடுத்தது. படக்காரர் வந்தார்.

"வாழ்த்துகள்மா. அடர் சிவப்பு!"

அடர் சிவப்புக்கு ஒரு துளை போதாது. நாலு பக்கமும் போட்டார்கள். எதிலும் ஒன்றுமில்லை. ஆகவே கற்கள் வந்தன, கற்களுக்குத் தட்டுகள் வந்தன, தட்டுகள் மேல் மழை வந்தது, மழைக்குப் பின் மண் இன்னும் சிவந்தது. மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை என்பார்கள். இவர்கள் மலையைக் கெல்லி, எலி கிடைக்காமல், கெல்லிய மண்ணை எங்கள் தலையில் கொட்டி, அதையே மலை என்று மறுபடி கெல்லினார்கள். ஒவ்வொரு தடவையும் கல்லை நக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

மூன்றாவது தாய்ச்செடி பட்டுப்போன அன்று நான் துறை அலுவலகத்துக்குப் போனேன். என் கணவர் வரவில்லை. "பெரிய இடம், பக்குவமாப் பேசு," என்று சொல்லி அனுப்பினார்.

படக்காரரின் அறையில் பெரிய கண்ணாடி மேசை. அதன்மேல் மண்டலத்தின் தாய்ப்படம் விரிந்து கிடந்தது. கணினியில் எத்தனை படம் போட்டாலும், கையால் தண்ணீர்ச் சாயம் தீட்டிய இந்தப் படம்தான் செல்லுமாம். அதில் எங்கள் சிவப்பு ஐந்து ரூபாய் நாணயமளவுக்குப் பெருத்திருந்தது. எங்கள் வீட்டைக் காட்டுங்கள் என்றேன்.

"வீடு தெரியாதும்மா. இது மண்டல அளவுப் படம். உங்க வீடு இதுல இல்லவே இல்ல. இல்லாத வீட்டுக்குப் பாதிப்பு எப்படி வரும்?"

சிவப்புக்குக் கொஞ்சம் கீழே நேர்த்தியாக ஒரு சின்ன வீட்டுப் படம் வரைந்திருந்தது. சுற்றிலும் பச்சை. "அப்ப இது என்ன சார்?"

"அது எங்க அதிகாரிகள் குடியிருப்பு."

"வீடு தெரியாதுன்னீங்களே?"

"அது வீடு இல்லம்மா, அடையாளச் சின்னம்."

எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "சார், கிணறு கெட்டுப்போச்சு. செடியெல்லாம் சாகுது. அந்தச் சிவப்பை அழிச்சிருங்க சார். தட்டை எடுத்துட்டு, துளையை அடைச்சுட்டு, எங்களை விட்டுருங்க."

படக்காரர் அதிர்ச்சியடைந்து மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். தூரிகைகள், சாயக் கட்டிகள், அளவுகோல்கள். "பாருங்க, ரப்பர் இருக்கா? இந்தத் துறை தொடங்கினதுல இருந்து ரப்பரே வாங்கினதில்ல. நிறம் ஏறலாம், இறங்கக் கூடாது. அழிக்கற அதிகாரம் இயக்குநருக்கே கிடையாது. பூமி போட்ட சிவப்பை மனுஷன் அழிக்கலாமா?"

நடைவழியில் பரிசோதனைக் கூடம். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். என் முகத்தைப் பார்த்தே யார் என்று கண்டுகொண்டார். "சிவப்பு வீட்டுக்காரங்கதானே? அது தகரத் தட்டுல இருந்து வர்ற துத்தநாகம்மா. முதல்ல எடுத்த மண்ணு உங்க கூரைத் தண்ணி விழுந்த மண்ணு. மூணு தடவை இயக்குநர் முகத்துக்கு நேராவே சொல்லிட்டேன்."

"அவர் நம்பலையா?"

"நம்பாம என்ன? உடனே ஒத்துக்கிட்டாரு. அதுதான் கொடுமை. துத்தநாகம் மட்டும்னாக்கூடப் பரவாயில்லம்மா, துளை போடற குழாயோட திருகு மரையில பூசற பசையில ஈயம் இருக்கு. அந்தத் தண்ணியக் குடிக்காதீங்க."

நாங்கள் அதுவரை குடித்துக்கொண்டுதான் இருந்தோம்.

இயக்குநர் அறைக்குள் நுழைந்தபோது பக்குவமெல்லாம் போய்விட்டது. எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவர் குறுக்கே பேசவில்லை. முகத்தில் அப்படி ஒரு கனிவு.

"நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரிம்மா. அது தகரத் துத்தநாகம்தான். ஆனா யோசிச்சுப் பாருங்க. தட்டு, மூலம். மழைத் தண்ணி, வழி. உங்க கிணறு, பொறி. மூணும் கச்சிதமா அமைஞ்சிருக்கு! கோடி வருஷம் முன்னாடி நடந்ததை யாராலயும் கண்ணால பார்க்க முடியாது. இங்க என் கண்ணு முன்னாடியே ஒரு கனிம அமைப்பு வேலை செய்யுது. இதைப் போய் நிறுத்தச் சொல்றீங்களே?"

"எங்க செடி செத்துட்டு இருக்கு சார்."

"அதைத்தான் சொல்றேன். அமைப்பு அவ்வளவு ஆரோக்கியமா இருக்கு."

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் கணவர் வாசலில் கிடந்த நாற்காலியை, அதிகாரிகளுக்காகவே துடைத்து வைத்திருந்ததை, எடுத்துப் பரணில் போட்டார். அன்றிலிருந்து தெருக்குழாயில் வரிசையில் நின்று குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து மிச்சமிருந்த தாய்ச்செடிகளுக்கு ஊற்றினோம். குடத்தால் தோட்டத்தைக் காப்பாற்ற முடியாது என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் ஊற்றினோம்.

எங்கள் கிணற்றின் புகழ் பரவியது. வெளியூர்களிலிருந்து நிபுணர்கள் பேருந்தில் வந்து இறங்கினார்கள். தோட்டத்தில் பந்தல், ஒலிபெருக்கி, எல்லோர் கையிலும் கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில். தாய்ப்படத்தைப் பலகையில் பொருத்தி முக்காலியில் நிறுத்தியிருந்தார்கள். தேசத்தின் சொத்தாகிய தட்டுகளைப் பூச்சட்டிபோல வரிசையாக வைத்திருந்தார்கள். நிபுணர்கள் என் மஞ்சள் இலைகளை ஆளுக்கொன்றாகக் கிள்ளிப் புத்தகத்தில் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் மரத்தின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"அன்பர்களே! கண்டுபிடிப்பது பெரிய காரியம் அல்ல. அதிர்ஷ்டம் இருந்தால் ஆடு மேய்ப்பவன்கூடக் கண்டுபிடித்துவிடுவான். கண்டுபிடிக்காமலே தொடர்ந்து தேடுவதற்குத்தான் ஒரு துறை தேவைப்படுகிறது. தாது கிடைத்த மறுநாளே அது சுரங்கத் துறையின் கைக்குப் போய்விடும். நமக்கு என்ன மிஞ்சும்? இந்தத் தோட்டத்தில் நாம் இதுவரை ஒரு துளித் தாதுவும் காணவில்லை என்பதைப் பெருமையுடன் அறிவிக்கிறேன். இனியும் காணாமல் பார்த்துக்கொள்வது நம் அனைவரின் கூட்டுப் பொறுப்பு. இதற்காகத் தம் கிணற்றை மனமுவந்து அளித்த இந்தக் குடும்பத்தைப் பாராட்டுகிறேன். அம்மா, இரண்டு வார்த்தை பேசுங்கள்."

கைதட்டினார்கள். நான் மைக்கிடம் போகவில்லை. கிணற்றடிக்குப் போய் வாளியில் மொண்டு, தம்ளரில் ஊற்றிக்கொண்டுவந்து இயக்குநரிடம் நீட்டினேன்.

"எனக்குப் பேசத் தெரியாது சார். இதைக் குடிங்க."

அவர் தம்ளரை வாங்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சிரித்தபடி துணை இயக்குநரிடம் கொடுத்தார். துணை இயக்குநர் முகர்ந்துவிட்டுப் படக்காரரிடம் கொடுத்தார். படக்காரர் முகராமலே அடுத்தவரிடம் தள்ளினார். பதவி வரிசைப்படி தம்ளர் இறங்கி இறங்கிப் புது ஓட்டுநர் வரைக்கும் போயிற்று. அவருக்குக் கீழே துறையில் யாரும் இல்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"என்ன சார்?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது. "மண்ணுக்குள்ள கிடந்த கல்லை வரிசையா நின்னு நக்கினீங்களே. தண்ணி தொண்டையில இறங்காதா? நாங்க குடிச்சோமே சார். இத்தனை மாசம் குடிச்சோமே!"

கையிலிருந்ததை இயக்குநர் முகத்தில்தான் வீசினேன். அவர் சட்டென்று குனிந்துகொண்டார். குனிவதில் அனுபவம் இருந்திருக்கும். தண்ணீர் அவர் தலைக்கு மேலாகப் பறந்து தாய்ப்படத்தில் அடித்தது.

எங்கள் சிவப்பு நனைந்தது. கரைந்தது. பலகை நிமிர்ந்து நின்றதால் கீழ்நோக்கி வழிந்தது. பச்சையைத் தாண்டி, நேராக அதிகாரிகள் குடியிருப்பின் அடையாளச் சின்னத்தின் மேல் இறங்கி, வீடு முழுவதையும் மூடிக்கொண்டு நின்றது. நிறம் ஏறலாம், இறங்கக் கூடாது. இது இரண்டையும் செய்துவிட்டது.

"துடைங்கய்யா!" என்று அலறினார் இயக்குநர். "என்னய்யா பார்த்துக்கிட்டு நிக்கறீங்க, காயறதுக்குள்ள துடைங்க!"

அப்படியொரு வேகத்தை அந்தத் துறையில் நான் பார்த்ததே இல்லை. ஆளுக்கொரு கைக்குட்டையோடு பாய்ந்தார்கள். குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரைப் பஞ்சில் தொட்டு ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். துணை இயக்குநர் பிளேடால் ஓரங்களைச் சுரண்டினார். கொஞ்ச நேரத்தில் குடியிருப்பின் மேல் சிவப்பு இருந்த சுவடே இல்லை. சுற்றிலும் பச்சை. முன்னைவிடப் பளிச்சென்று இருந்தது.

"அழிக்க முடியுது போலிருக்கே சார்," என்றேன் படக்காரரிடம். "அப்படியே இதையும் கொஞ்சம் துடைச்சிருங்க." எங்கள் இடத்தைக் காட்டினேன். அது வழிந்துபோய் வெளிர் இளஞ்சிவப்பாகத்தான் மிஞ்சியிருந்தது. ஒரு பஞ்சு, ஒரு வாய்த் தண்ணீர் போதும்.

"அது வேற சிவப்பும்மா," என்றார்.

பையிலிருந்து சாயக் கட்டியையும் தூரிகையையும் எடுத்தார். பாட்டில்களெல்லாம் குடியிருப்பைக் கழுவியதில் தீர்ந்துபோயிருந்தன. தூரிகையை நனைக்கத் தண்ணீர் வேண்டும் என்று என்னைப் பார்த்தார்.

"அதான் கிணறு இருக்கே. வேணுங்கறதை எடுத்துக்கோங்க," என்றார் என் கணவர். அதிகாரி ஒருவரிடம் அவர் எழுந்து நிற்காமல் பேசியது அதுவே முதல் தடவை.

படக்காரர் கிணற்றைப் பார்த்தார். இயக்குநரைப் பார்த்தார். பிறகு தூரிகையை வாயில் வைத்து, நாக்கால் நன்றாக நனைத்து, சாயத்தைத் தொட்டு, தன் எச்சிலாலேயே எங்கள் தோட்டத்தை மறுபடி சிவப்பாக்கினார்.